சுட்டது ஆறும், இது ஏறும்

என் மகள் என்னைப் பார்த்து அலறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுக்கு அப்போது ஆறு வயது. பாயில் வழக்கம்போல என் பக்கம் புரண்டு வந்தவள், முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, இது யாரு?"

"பாப்பா, அப்பாதாம்மா" என்றேன். குரல் அப்பாவுடையது, முகம் வேறு யாருடையதோ. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

எனக்கு அவள் தெரியவில்லை. இரண்டு இமைகளும் வீங்கி மூடியிருந்தன. விரலால் ஓர் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். சிவந்து உப்பிய ஒரு முகம் அங்கே இருந்தது. நெற்றியும் கழுத்தும் சொரசொரத்திருந்தன. காது மடல் தடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பாப்பாவைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அந்த ஆளைத் தெரியவில்லை.

இதே வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். என் மனைவி தனம் கொழுந்தெடுக்கப் போகிறாள். நான் தோட்டத்தில் பெயர் பதியவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம், வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தேன். அணையிலிருந்து மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, தண்ணீரை நிறுத்திவிட்டு அவற்றுக்குள் இறங்கித் துருவைச் சுரண்டி உட்புறம் முழுவதும் பூச்சுப் பூசுவது எங்கள் வேலை. குழாய் வேலை இல்லாத காலத்தில் தண்ணீர்த் தொட்டிகள்.

அந்தப் பூச்சு இரண்டு டின்களில் வரும். ஒன்று பிசின், தேன் மாதிரிக் கெட்டியாக இருக்கும். மற்றது ஹார்ட்னர், மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு நாற்றம். தனித்தனியாக இருந்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். இரண்டையும் கலந்தால் சூடேறி, இறுகி, கல்லாகிவிடும். கலப்பது என் பொறுப்பு. கையில் ரப்பர் கிளவுஸ் போடுவோம். அது கிழிந்தாலும் அன்றைய வேலை முடியும்வரை கழற்ற மாட்டோம். குழாய்க்குள் காற்று கிடையாது. பல்பு வெளிச்சத்தில் அந்த வாடையைக் குடித்துக்கொண்டே மூன்று வருடம் வேலை செய்தேன். ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அந்த ஞாயிறுக்கு முன்பே அறிகுறி இருந்தது. விரல் இடுக்குகளில் ஜவ்வரிசி மாதிரிச் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள், தாங்க முடியாத ஊறல். குளிக்கும் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரையும் களிம்பும் தந்தார்கள். வீட்டில் இருந்தபோது ஆறியது. வேலைக்குப் போனதும் திரும்பி வந்தது. முதல் தடவை திரும்ப வர ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், எடுத்தது. அடுத்த தடவை இரண்டு நாள். அதற்கடுத்த தடவை நான் டின்னைத் தொடவே இல்லை. ஸ்டோர் கதவோரம் நின்று சுப்பவைசரோடு பேசிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். மறுநாள்தான் பாப்பா அலறினாள்.

தொடாமலே வந்தது என்று தெரிந்ததும் லயத்தில் பேச்சு மாறிவிட்டது. அந்தக் குழாய்க்குள் பல வருடங்களுக்கு முன்பு ஒருவர் வழுக்கி விழுந்து செத்துப்போனார் என்று எல்லோருக்கும் தெரியும். என் மாமியார் வெளிப்படையாகவே சொன்னார்.

"மருந்துக்கு நிக்கலன்னா அது சீக்கு இல்ல மாப்பிள. உள்ள இருக்கிறது கூடவே வந்திருக்கு."

தனம் கோயிலில் திருநீறு வாங்கி வந்து பூசினாள். வெடித்த தோலில் அது எரிந்தது. சொல்லாமல் இருந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், பேயாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். பேய் என்றால் ஒரு சேவலோடு முடிந்துவிடும்.

அந்த ஞாயிறு பின்னேரம் தொண்டையும் இறுகுவதுபோல இருந்ததால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை தந்து, கண்டிப் பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். முகம் வடிந்தது. ஆனால் பாப்பா மாமியாரோடு பக்கத்துக் காம்பிராவிலேயே படுத்துக்கொண்டாள். பகலில் என்னோடு விளையாடுவாள். இருட்டியதும் கிட்ட வர மாட்டாள்.

கண்டிக்குப் போன காலையில் கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் முழுவதும் பனி. முன்னால் இருந்த சீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வாடை வந்ததுமே எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன். அது இதே சாமான்தானா என்று எனக்குத் தெரியாது. எது அது, எது அது இல்லை என்று தெரியாததுதான் அந்த நாட்களின் பெரிய பயம். கதவில் அடித்த பெயின்ட், செருப்பின் பசை, பாப்பாவின் புதுப் புத்தகப்பை எல்லாமே என்னை முகர்ந்து பார்ப்பதுபோல இருந்தது.

கிளினிக்கில் உட்காரும் வாங்குகள் நிறைந்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் எங்கேயாவது சொறிந்துகொண்டிருந்தார்கள், அல்லது சொறியாமலிருக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா, ஐம்பது வயதிருக்கும். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துவங்கேக்க ஒண்டும் இல்லை, பிறகு கொஞ்சத்துக்கே கூட வருது. அப்பிடித்தானே?"

"ஆமாங்க. இப்ப கிட்டப் போனாலே வருதுங்க."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அசிட் பட்டால் யாருக்கும் எரியும். அது எரிவு. அதிகம் பட்டால் அதிகம் எரியும், விட்டால் ஆறும். இது அப்படியல்ல. சில இரசாயனங்கள் தோலுக்குள் இறங்கினால் உடம்பு அவற்றை எதிரி என்று பதிந்துவைத்துக்கொள்ளும். பதியும்போது வெளியில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் போகலாம், வருடங்களும் போகலாம். பதிந்து முடிந்த பிறகு ஒரு தூசு அளவு பட்டாலும் உடம்பு முழுப் படையோடும் எழும்பும். அது ஆவியாக வந்து கண்ணில் பட்டாலும் போதும்.

"பிறகு மறந்திடுமாங்க?" என்று தனம் கேட்டாள்.

"இல்லையம்மா. இது மறக்கிறேல்ல."

மூன்று வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே ஒன்று விழித்திருந்து பாடம் படித்திருக்கிறது. மாமியார் சொன்னது முழுப் பொய்யில்லை என்று அப்போது தோன்றியது. கூடவே வந்த ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் எந்தச் சாமான் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றார் டொக்டர். பிசினா, ஹார்ட்னரா, கிளவுஸ் ரப்பரா, தினமும் பூசும் களிம்பா. தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்து வாழ முடியாது. அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, பெச் டெஸ்ட் என்று பெயர். ஸ்டீரொயிட் மாத்திரை உடம்பில் இருந்தால் முடிவு மறைந்துவிடும் என்பதால் அதை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திய பிறகுதான் செய்யலாம்.

"இன்னொரு விசயம். பிசின் எங்களிட்ட ஆயத்தமா இருக்கு. உங்கட ஹார்ட்னர் இல்லை. ஒவ்வொரு கொம்பனியும் வேற வேற சாமான் போடுவினம். அதில கொஞ்சம் கொண்டுவந்து தரேலுமோ?"

கொண்டுவரக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான். தனத்தின் தம்பி ரவி. என்னோடு அதே குழாயில் வேலை செய்தவன், இருபத்து மூன்று வயது. நான் நின்ற பிறகு கலக்கும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தார்கள். அது எனக்குக் கண்டியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"சுப்பவைசர் கண்டா வேலைய விட்டே தூக்கிருவாரு மச்சான்" என்றான். "பத்துப் பேரு வேல செய்யிறோம், அவனுக்கு மட்டும் ஏன்னு கேக்கிறாரு. அவன் ரத்தம் சரியில்லங்கிறாரு."

"எனக்கும் மூணு வருசம் ஒண்ணும் ஆகல ரவி."

ஆனால் அடுத்த கிழமை இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் அடியில் கொஞ்சமாக ஹார்ட்னர் கொண்டுவந்தான். மூடியை இறுக்கி, மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றி, காம்பிராவுக்குள் வராமல் வெளியே கல்லின்மேல் வைத்துவிட்டுத் தூரப்போய் நின்றான். மாத்திரை முழுதாக நின்ற பிறகு தனம்தான் அதை டிபன் பெட்டியில் போட்டுக் கண்டிவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் பஸ்ஸின் மறுகோடியில் இருந்தேன்.

வீடு தூரம், வேர்க்கக்கூடாது, முதுகு நனையக்கூடாது என்பதால் என்னை வார்டில் வைத்துக்கொண்டார்கள். டொக்டர் ஹார்ட்னரை வாசலினில் கலந்து மூன்று பதமாகச் செய்தார். மூன்றாவது மிக மிக மெல்லியது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாகப் பதித்த ஒட்டுப் பட்டிகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு சாமானை வைத்தார்கள். சீமெந்தில் இருப்பது, ரப்பரில் இருப்பது, வாசனைத் திரவியம், பிசின், கடைசியில் எங்கள் ஹார்ட்னர். பட்டிகளை முதுகில் ஒட்டும்போது டொக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்தச் சாமானை நான் முதல்தரம் போடுறன். முதுகு சிவந்தா அது அலர்ஜியோ, இல்லாட்டி ஆருக்கும் வாற எரிவோ எண்டு பிரிச்சுப் பாக்கவேணும். சாதாரணமா நோயில்லாத ஆளின்ர முதுகிலயும் ஒட்டிப் பாப்பம்."

தனம் உடனே சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் முதுகுல ஒட்டுங்க டொக்டர். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

டொக்டர் கையிலிருந்த பட்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒட்டினா உங்கட உடம்பும் இதைப் பதிஞ்சு வச்சிருக்கக்கூடும். சோதிக்கப்போய் நானே வருத்தத்தைக் குடுத்ததாப் போயிடும். வேண்டாம். வேற வழி இருக்கு."

அந்த வழியைத்தான் எனக்கு மனப்பாடமாகச் சொன்னார். "சுட்டது ஆறும், இது ஏறும். எரிவெண்டா பட்டியைக் கழட்டேக்க சிவப்பா இருக்கும், பிறகு குறைஞ்சுகொண்டு போகும். அலர்ஜியெண்டா ரெண்டு நாள் கழிச்சு இன்னும் கூடும். மெல்லிசாப் போட்ட இடமும் எழும்பும்."

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் பியதாச என்று ஒரு மேசன் இருந்தார். மாத்தளைக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவர் முதுகிலும் பட்டிகள். அவருடைய உள்ளங்கைகள் கோடையில் வெடித்த வயல்போல இருந்தன. பல வருடங்களாக இந்தக் கைகளோடுதான் சீமெந்து குழைக்கிறாராம். நான் சிங்களத்தில் கேட்டேன், சீமெந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிறகும் ஏன் விடவில்லை என்று. அவர் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேறு என்ன தெரியும் மல்லி?"

மல்லி என்றால் தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு என்னை நாள் முழுவதும் விடவில்லை.

சிங்கள நர்ஸ் மிஸ் ஒருத்தி வேளாவேளைக்கு வந்து பட்டி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பாள். "முதுகு தண்ணி வேணாம், சொறிய வேணாம், ஹரித?" என்பாள், சரியா என்று. சொறியவே முடியாத இடத்தில்தான் ஊறியது. மல்லாந்து படுக்க முடியாது. குப்புறப் படுத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். பின்னால் யாரோ நின்று ஒரு விரலால் முதுகில் எழுதுகிறார்கள், எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்ற நினைப்பு. கண்ணை மூடினால் குழாய்தான் வரும். மேலே வெளிச்சம் ஒரு தட்டு அளவு தெரியும். கீழே ரவி டின்னைக் கிண்டிக்கொண்டிருப்பான். கூப்பிடுவேன், குழாய் என் சத்தத்தை வேறு குரலாக்கித் திருப்பி அனுப்பும்.

தனம் ஒருநாள் விட்டு ஒருநாள் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவருவாள். குளிக்க முடியாத என்னைத் தொட்டியில் தலைகுனிய வைத்து, முதுகைத் துவாயால் மூடி, தலைக்கு மட்டும் ஜக்கால் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு துளி முதுகுப் பக்கம் ஓடினாலும் கையால் தடுத்துவிடுவாள். பியதாசவுக்கும் ஒரு பொட்டலம் சோறு வரும். கை வலியில் அவரால் பிசைய முடியாததால் கரண்டியும் வரும்.

இரண்டு நாளில் பட்டிகளைக் கழற்றினார்கள். பிசின் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. ரப்பரும் சுத்தம். ஹார்ட்னரின் முதல் இரண்டு இடங்கள் லேசாகச் சிவந்திருந்தன. மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. டொக்டர் பேனையால் சுற்றிக் குறி போட்டுவிட்டு, "பொறுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

வெறும் எரிவாகத்தான் இருக்கும் என்று எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. அப்படியென்றால் நல்ல கிளவுஸ் போட்டுக்கொண்டு திரும்பிப் போகலாம். ரவிக்கும் ஒன்றும் வராது. மறுநாள் மாலையில் முதுகின் இடப்பக்கம் நெருப்புத் துண்டு வைத்ததுபோல ஊறத் தொடங்கியது. எந்த இடம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அதற்கடுத்த காலையில் டொக்டர் பார்த்தார். அழுத்தித் தடவிப் பார்த்தார். தனத்தின் போனை வாங்கி மிஸ் படம் எடுத்துக் காட்டினாள். என் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கோடுகளும் எண்களுமாக இருந்த அந்த முதுகில் மூன்று வட்டங்கள் தடித்து, சிவந்து, மேலே கொப்புளங்களோடு எழும்பியிருந்தன. மிக மெல்லியதாகப் போட்ட மூன்றாவதும் எழும்பியிருந்தது.

"இதுதான்" என்றார் டொக்டர். "இனி இந்தச் சாமானுக்குக் கிட்டவும் போகப்படாது. பெயின்ட், பசை எல்லாத்துக்கும் பயப்பிடத் தேவையில்லை. எதில இது இருக்கும் எண்டு நான் சொல்லித்தாறன்."

"அங்க இருக்கிற மத்தவங்களுக்கும் வருங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் வராது. ஆருக்கு வரும் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது. கூடத் தொட்டா, கிழிஞ்ச கிளவுஸோட நிண்டா, வாற வாய்ப்பும் கூடும். அந்த ரப்பர் கிளவுஸுக்குள்ளால இது ஊறி உள்ள வந்திடும். அவைக்கும் சொல்லுங்கோ. நானும் தொழில் கந்தோருக்கு அறிவிக்கிறன்."

வீட்டுக்கு வந்ததும் ரவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் வேலை உடுப்போடு வந்திருந்ததால் வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கமே நின்றான். நான் இந்தப் பக்கம். கத்திக் கத்திப் பேசினோம்.

"நீ அந்தக் கலக்குற வேலைய விட்டுரு ரவி."

"விட்டுட்டு என்னா செய்ய மச்சான்? அக்கா மாதிரி கொழுந்தெடுக்க மலைக்குப் போறதா? தீபாவளி வரைக்கும் பாக்கிறேன். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

தனம் வாசலில் நின்று அழுதாள். அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். சில கிழமைகளில் அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்ததாகவும், தடித்த வேறு வகைக் கிளவுஸும் முகமூடியும் வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டோம். எனக்குத் தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை கிடைத்தது. தோல் ஆறியது. கழுத்தில் மட்டும் கறுப்புத் திட்டு ஒன்று நிற்கிறது. பாப்பா எங்கள் காம்பிராவுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் விடிந்ததும் முதலில் போர்வையைக் கொஞ்சமாக விலக்கி என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான் விழித்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, அவள் பார்த்து முடியும்வரை அசையாமல் கிடப்பேன்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் ரவி வந்தான். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

"வேலைய விட்டுட்டேன் மச்சான்" என்றான்.

தனத்தின் முகமே மாறிவிட்டது. அவனை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, பிளேன்டீ போட்டு, அடுப்பில் ரொட்டியும் போட்டாள். நல்ல வேலை செய்தாய் என்று நானும் சொன்னேன். தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகச் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கோப்பையை இடது கையால் எடுத்தான். வலது கையை மடியில், கட்டியிருந்த சாரத்து மடிப்புக்குள் வைத்திருந்தான்.

பாப்பா ஓடிவந்து அவன் மடியில் ஏறப்போனாள். அவன் சட்டென்று விலகினான்.

"மாமா கிட்ட வராத பாப்பா."

தனம் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நான் அவன் கையை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்தான். விரல் இடுக்குகளில் அந்த நீர் மணிகள் வரிசையாக இருந்தன.

"எப்ப இருந்து?"

"இப்பிடிக் கூடிப் பத்துப் பதினஞ்சு நாளாச்சு. புதுக் கிளவுஸ் வாறதுக்கு முந்தியே லேசா இருந்திச்சு. அதான் விட்டேன்."

அடுப்பில் ரொட்டி கருகும் வாடை வந்தது. தனம் கல்லை இறக்கிவைத்தாள். அவன் கையை மறுபடி உள்ளே இழுக்கப் பார்த்தான்.

"விடுங்க மச்சான். ஒங்களுக்கு மறுபடியும் வந்துரும். பாப்பாவுக்கும் ஒட்டிக்கும்."

"இது ஆளுக்கு ஆள் ஒட்டுறது இல்ல ரவி" என்றேன். அவன் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. பாப்பா கொஞ்ச நேரம் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.